தடித்த உருள்முனை எழுத்துரு: முனையை உருட்டினால் மட்டும் போதுமா?

#1 நிழல்கோடு

வணக்கம் நண்பர்களே. நான்கு மாதமாக ஓர் எழுத்துரு வரைந்துகொண்டிருக்கிறேன். தலைப்புக்கு மட்டுமே பயன்படும் தடித்த சான்ஸ் செரிஃப், அதாவது கோட்டு முனையில் செரிஃப் என்ற சிறு நீட்டல் இல்லாத எழுத்து. கோட்டு முனைகள் எல்லாம் உருண்டையாக இருக்க வேண்டும் என்பது முதல் நாளிலிருந்தே என் ஆசை. லத்தீன் (அதாவது ஆங்கில எழுத்து), தமிழ் இரண்டும் வேண்டும்.

முதலில் சதுர முனையோடு எல்லா எழுத்தையும் வரைந்து முடித்தேன். அது நன்றாகவே வந்தது. அப்புறம் மென்பொருளில் உள்ள முனை உருட்டும் ஃபில்டரைப் போட்டேன். 1000 அலகு கட்டத்தில் என் நிமிர்கோட்டின் தடிமன் 160. அதனால் ஆரம் 80 கொடுத்தேன், அதாவது முனை சரியாக அரைவட்டம்.

போட்டதும் எழுத்துருவே வேறு ஆளாகிவிட்டது. லத்தீனில் சிறிய எல் (l), சிறிய என் (n) இரண்டும் சிறிய ஓவைவிட (o) குட்டையாகத் தெரிகின்றன. கோடு முனையை நெருங்கும் இடத்தில் லேசாகப் புடைத்து, எலும்புத் துண்டு போல இருக்கிறது. அளந்து பார்த்தேன், எந்த இடத்திலும் 160தான். தமிழில் ண, ஞ இரண்டும் மை கொட்டினாற்போல அடைத்துக்கொண்டன. ப என்ற எழுத்தைப் பார்த்தால் ஆங்கில யு மாதிரி இருக்கிறது. சதுர முனையில் இருந்த உறுதியும் போய்விட்டது.

படங்களும் கோப்பும் இணைத்திருக்கிறேன், எங்கே தவறுகிறேன் என்று சொல்லுங்கள். திரும்ப முதலிலிருந்து வரையச் சொன்னாலும் சரி, வரையத் தயார்.

#2 பொன்வண்டு

படங்களைப் பார்த்தேன். ஆரத்தை 80லிருந்து 40க்குக் குறைத்துப் பாருங்கள். முழு அரைவட்டம் என்பது ஒரு தேர்வு, கட்டாயம் இல்லை. மூலையை மட்டும் மழுக்கிய எழுத்தில் தட்டையான அடி கொஞ்சம் மிஞ்சும், எழுத்து தரையில் நிற்கும். நீங்கள் சொல்லும் உறுதி அங்கே இருக்கிறது.

#3 அச்சுமை

பொன்வண்டு சொன்னது ஒரு வழி. ஆனால் நிழல்கோடு கேட்பது முழு உருண்டை முனை, அதனால் அதையே எடுத்துக்கொண்டு பேசுகிறேன். நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

குட்டையாகத் தெரிவது உங்கள் கண்ணின் பிழை இல்லை. தட்டை முனை உள்ள கோடு தன் முழு அகலத்தோடும் அடிக்கோட்டை, அதாவது எழுத்துகள் நிற்கும் கோட்டை, தொடுகிறது. அரைவட்ட முனை ஒரே ஒரு புள்ளியில்தான் தொடுகிறது. சிறிய ஓவை அடிக்கோட்டுக்குக் கீழே சில அலகு இறக்கி வரைகிறோமே, அதே காரணம் இப்போது எல்லா எழுத்துக்கும் வந்துவிட்டது. சாதாரண சான்ஸில் வளைந்த எழுத்துக்கு மட்டும் மீறல், அதாவது கோட்டைச் சற்றுத் தாண்டும் அந்தக் கூடுதல், கொடுத்தால் போதும். உருள்முனையில் ஒவ்வொரு காலுக்கும் கொடுக்க வேண்டும். உங்கள் ஓவுக்கு 12 அலகு கொடுத்திருக்கிறீர்கள் என்றால், கால்களுக்கும் அதே 12இல் தொடங்குங்கள். பெரிய அளவில் அச்செடுத்துச் சுவரில் ஒட்டி, நான்கடி தள்ளி நின்று பார்த்துக் கூட்டுங்கள் அல்லது குறையுங்கள். இதற்குச் சூத்திரம் கிடையாது.

அடுத்தது எலும்பு. நேர்கோடு போய்க்கொண்டே இருந்து, சட்டென்று ஒரு புள்ளியில் வட்டமாக மாறினால், அந்த இடத்தில் புடைப்பு இருப்பதாகக் கண் நினைத்துக்கொள்ளும். வளைவின் அளவு பூச்சியத்திலிருந்து ஒரே தாவலில் ஏறுவதுதான் காரணம். ரயில் பாதையை நினைத்துப் பாருங்கள். நேர்ப்பாதையை நேரடியாக வட்டத்தில் கொண்டுபோய்ச் சேர்க்க மாட்டார்கள், நடுவில் மெல்ல மெல்ல வளையும் ஒரு துண்டு இருக்கும். எழுத்துக்கும் அந்தத் துண்டு வேண்டும். வளைவு தொடங்கும் புள்ளியை முனையிலிருந்து 80இல் வைக்காமல் 105, 110க்குப் பின்னால் தள்ளுங்கள். வளைவை இழுத்து வடிவமைக்கும் பெசியே கைப்பிடியின் நீளம் வட்டத்துக்கு ஆரத்தில் சுமார் 55 சதவீதம். நேர்கோட்டுப் பக்கக் கைப்பிடியை அதைவிட நீட்டுங்கள், 60ஐத் தாண்டினாலும் தப்பில்லை. முனை பார்க்க அரைவட்டமாகவே இருக்கும், புடைப்பு மறைந்துவிடும்.

மூன்றாவது, ஃபில்டரில் ஒரே ஆரம் கொடுத்தது. படுக்கைக் கோடு எப்போதும் நிமிர்கோட்டைவிடத் தடியாகத் தெரியும், அதனால் அதை மெலிதாக வரைவோம். உங்கள் கோப்பில் படுக்கை 142, நிமிர்வு 160. 142 தடிமனுக்கு 80 ஆரம் எப்படிப் பொருந்தும்? பாதி 71தானே. அதனால்தான் உங்கள் பெரிய ஈயின் (E) மூன்று கைகளும் நசுங்கிய முனையோடு நிற்கின்றன. சாய்கோட்டுக்கு இன்னொரு கணக்கு.

கடைசியாக, நான் அதிகம் கவலைப்படும் விஷயம்: உள்மூலை. வெளியே எல்லாம் உருண்டை. சரி, உள்ளே? சிறிய என்னில் தோள் வந்து காலில் சேரும் அந்த இடுக்கு, பெரிய ஏயின் (A) உள்ளே இருக்கும் முக்கோணம், ஈயின் கைகள் முதுகில் சேரும் மூலை, இவற்றையும் உருட்டுவதா, கூராக விடுவதா? இரண்டையும் உருட்டினால் காற்றடைத்த பலூன். வெளியே மட்டும் உருட்டி உள்ளே கூராக விட்டால் கத்தரிக்கோலால் வெட்டிய தாள் போல ஒரு தெளிவு வரும். தடித்த எழுத்தில் கோடுகள் சேரும் இடத்தில் கறுப்பு ஏற்கெனவே குவிகிறது. அந்த இடுக்கை உருட்டினால் இருக்கிற கொஞ்சம் வெள்ளையும் போய்விடும். நானாக இருந்தால் கூராகவே விடுவேன், தோள் சேரும் இடத்தில் கோட்டை 160லிருந்து 120 வரைக்கும்கூட மெலிய வைப்பேன். நீங்கள் இழந்துவிட்டதாகச் சொல்லும் உறுதி பெரும்பாலும் இங்கேதான் தொலைந்தது என்பது என் கணிப்பு.

#4 கடலாமை

அப்படியென்றால் ஃபில்டரையே தொடக்கூடாதா?

#5 அச்சுமை

தொடலாம். இந்த வடிவம் உருள்முனையில் எப்படி இருக்கும் என்று அரைமணி நேரத்தில் பார்த்துக்கொள்ள அது நல்ல துணை. கிளிஃப்ஸ் மென்பொருளில் நிமிர்வு, படுக்கை என்று இரண்டு தடிமனையும் தனித்தனியாகக் கேட்டு உருட்டும் ஃபில்டரும் இருக்கிறது, ஒரே ஆரம் கொடுப்பதைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் மீறலை அது கொடுக்காது. சேரும் இடத்தில் எவ்வளவு மெலிய வேண்டும் என்று அதற்குத் தெரியாது. சதுர முனை எழுத்துரு ஒன்று, உருள்முனை எழுத்துரு வேறொன்று. எலும்புக்கூடு ஒன்றாக இருக்கலாம், சதையை மறுபடி வைத்துத்தான் ஆக வேண்டும்.

#6 வெட்டுக்கத்தி

நான் எழுத்துரு வரைபவன் இல்லை, எழுத்தை வெட்டுபவன். அக்ரிலிக், மரம், வினைல். இந்தப் பேச்சில் கருவிகளைப் பற்றி ஒரு வார்த்தையும் வரவில்லையே என்று எழுதுகிறேன்.

உருண்டை முனை அழகுக்காகப் பிறந்தது என்று பலர் நினைக்கிறார்கள். கருவியிலிருந்து பிறந்தது அது. சுழலும் வெட்டுமுனை ஒரு பலகையில் பள்ளம் தோண்டினால் பள்ளத்தின் இரண்டு முனையும் தானாகவே உருண்டையாகத்தான் முடியும். கார்ட்டன் பொறிப்பு எந்திரங்கள் அப்படித்தான் எழுதின, பழைய கருவிப் பலகைகளிலும் விசைப்பலகைகளிலும் அந்த எழுத்தைப் பார்க்கலாம். வட்டமுனைப் பேனா வைத்து எழுதினாலும் அதேதான். பொறியியல் வரைபடத்துக்கான ஐஎஸ்ஓ 3098 எழுத்தில் கோட்டின் தடிமன் உயரத்தில் பத்தில் ஒன்று அல்லது பதினான்கில் ஒன்று. பேனாவின் வட்டமுனைதான் அங்கே எழுத்தின் முனை. நியான் குழாயை வளைத்து எழுதியவர்களுக்கும் வேறு வழி கிடையாது. அதெல்லாம் மெல்லிய எழுத்து, நீங்கள் வரைவது தடித்தது. ஆனால் வேர் ஒன்றுதான்.

இப்போது அச்சுமை ஐயா சொன்னதில் ஒரு சிக்கல். உள்மூலையைக் கூராக விடுங்கள் என்கிறார். லேசரிலும் கத்தியிலும் அது நடக்கும். சுழலும் வெட்டுமுனை கொண்ட ரவுட்டரில் நடக்காது. 6 மி.மீ. பிட் (வெட்டுமுனை) போட்டால் ஒவ்வொரு உள்மூலையிலும் 3 மி.மீ. ஆரம் மிஞ்சும், நீங்கள் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும். வெளிமூலையைத்தான் எந்திரம் கூராக வெட்டித் தரும். அவர் சொல்லும் வடிவத்துக்கு நேர் எதிர்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பெரிய எழுத்தின் உயரம் உங்கள் கட்டத்தில் 700 அலகு என்று வைத்துக்கொள்வோம். 300 மி.மீ. உயரத்துக்கு வெட்டினால் அந்த 3 மி.மீ. என்பது 7 அலகுதான், யாரும் கவனிக்க மாட்டார்கள். 40 மி.மீ. உயரத்துக்கு வெட்டினால் அதுவே 52 அலகு. உங்கள் இடுக்கெல்லாம் மூடிவிடும். சின்ன அளவுக்கு 2 மி.மீ. பிட்டுக்கு மாற வேண்டும், அது மெதுவாக ஓடும், அடிக்கடி உடையும்.

வினைலுக்கு வாருங்கள், அங்கே உருள்முனையைப் போல நல்ல எழுத்து கிடையாது. ஸ்டிக்கர் உரியத் தொடங்குவது எப்போதும் கூர்மூலையில்தான். கழிவை உரித்தெடுக்கும்போது எழுத்தின் கூர்முனை கூடவே தூக்கிக்கொண்டு வரும். உருண்டை முனையில் இரண்டு தொல்லையும் குறைவு. தடித்த எழுத்தாக இருந்தால் ஒட்டும் பரப்பும் அதிகம். வண்டிமேல், கண்ணாடிமேல் ஒட்டும் வேலை என்றால் வாடிக்கையாளரிடம் நானே இதைத்தான் சொல்வேன்.

#7 அச்சுமை

இந்தக் கணக்கை இப்படி அலகில் போட்டு யாரும் எனக்குக் காட்டியதில்லை. நன்றி. நிழல்கோடு, உங்கள் எழுத்துருவைப் பலகைக்கும் வெட்டுவார்கள் என்று தெரிந்தால் உள்மூலையில் 8 முதல் 10 அலகு ஆரம் கொடுத்துவிடுங்கள். திரையில் அது கூராகவே தெரியும், பெரிய பலகையில் எந்திரம் விடும் மிச்சத்தோடும் ஒத்துப்போகும்.

#8 இணையத்தறி

இணையத்தில் இந்த வகை எழுத்துருவைப் பயன்படுத்துபவர்கள் செய்யும் தவறு ஒன்று, வாரத்துக்கு ஒரு தளத்திலாவது பார்க்கிறேன்.

ஃபிரெடோக்கா ஒன் என்று ஒன்று இருக்கிறது, மிலேனா பிராண்டாவ் வரைந்தது. கொழுகொழுவென்று உருண்டையான தலைப்பு எழுத்து, ஒரே ஒரு தடிமன். எவ்வளவு தடியாக இருந்தாலும் கோப்பில் அதன் எடை (தடிமனைக் குறிக்கும் எண்) 400, அதாவது ரெகுலர் என்றுதான் பதிவாகியிருக்கிறது. உலாவியில் தலைப்புக் குறிச்சொல்லுக்கு இயல்பாகவே போல்ட் உண்டு. உலாவி என்ன செய்யும்? போல்ட் கேட்டார்கள், கோப்பில் போல்ட் இல்லை, சரி நாமே தடிக்க வைப்போம் என்று எழுத்தின் மேல் இன்னொரு பூச்சுப் பூசிவிடும். ஏற்கெனவே தடித்த எழுத்து இன்னும் வீங்கி, சிறிய ஏ, ஈ, எஸ் (a, e, s) எல்லாம் உள்ளே அடைத்துப்போகும். முனைகளும் கோணலாகும். எழுத்துருவைக் குறை சொல்வார்கள், பாவம் அது ஒன்றும் செய்யவில்லை. தலைப்புக்கு எடை 400 என்று வெளிப்படையாக எழுதுங்கள், அல்லது ஃபாண்ட்-சிந்தசிஸ் பண்பை நன் (font-synthesis: none) என்று வையுங்கள். முடிந்தது.

நிழல்கோடு, உங்களுக்கும் இது பாடம். ஒரே தடிமன் வெளியிடுவதாக இருந்தால் எடையை என்னவென்று பதிவது என்று முதலிலேயே முடிவெடுங்கள். ஃபிரெடோக்கா பிற்பாடு மாறும் எழுத்துருவாக, அதாவது ஒரே கோப்பில் எடையை மாற்றிக்கொள்ளும் எழுத்துருவாக, வளர்ந்தது, எடை 300லிருந்து 700 வரை, அகலத்தையும் மாற்றலாம். அப்போது இந்தத் தொல்லை தானாகவே போனது.

இன்னும் ஒன்று. எழுத்தைச் சுற்றி வெளிக்கோடு போட்டுத் தடிக்க வைக்காதீர்கள். அந்தக் கோட்டில் பாதி எழுத்தின் உட்பக்கம்தான் விழும், இருக்கும் வெள்ளையைத் தின்னும். ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்த பாகங்கள் கோப்பில் அப்படியே இருந்தால் அந்த உள்கோடுகளும் வெளியே தெரியும். மாறும் எழுத்துருக்களில் இதை அடிக்கடி பார்க்கலாம்.

நிறத்துக்கும் ஒரு சலுகை உண்டு. எல்லோரும் படிக்க முடிய வேண்டும் என்பதற்கான அணுகல்தன்மை நெறிமுறையில், சாதாரண எழுத்தின் நிறத்துக்கும் பின்னணிக்கும் 4.5க்கு 1 என்ற மாறுபாடு வேண்டும். 18 பாயிண்ட், அல்லது போல்ட்டாக இருந்தால் 14 பாயிண்ட், அதற்கு மேல் போனால் 3க்கு 1 போதும். தடித்த உருள்முனைத் தலைப்புகள் மஞ்சளும் இளநீலமுமாக வலம் வருவதற்கு இந்த இடம் உதவுகிறது. அதற்காக வெள்ளைமேல் மஞ்சள் வைத்துவிடாதீர்கள், அது 3ஐக்கூடத் தொடாது.

#9 பொன்வண்டு

பயன்பாட்டைப் பற்றி நான் கொஞ்சம் பேசுகிறேன். பதினைந்து வருடமாக லோகோவும் பொதியுறையும் செய்கிறேன்.

உருண்டை எழுத்து என்றதும் குழந்தைகள், பொம்மை, விளையாட்டுச் செயலி என்று மனது போய்விடுகிறது. வரலாறு அப்படி இல்லை. வேக் ரவுண்டட் 1979இல் ஒரு கார் நிறுவனத்துக்காக, ஃபோக்ஸ்வாகனுக்காக, உருவானது. அதில் குழந்தைத்தனம் எங்கே இருக்கிறது? அதே எழுத்து ஆப்பிள் விசைப்பலகைகளில் பல வருடம் இருந்தது, 2015 வாக்கில்தான் சான் பிரான்சிஸ்கோ என்ற எழுத்துருவுக்கு மாறினார்கள். நாள் முழுக்க விரல் படும் இடத்தில் அந்த முனைகள் எவ்வளவு பொருத்தம் என்று யோசித்துப் பாருங்கள். அதற்கு முன்பே, 1970இல் லெட்ராசெட் என்ற தேய்த்து ஒட்டும் எழுத்துத் தாள்களில் ஃபிராங்க்ஃபர்ட்டர், 1978இல் ஹெல்வெட்டிகா ரவுண்டட். ஜப்பானில் மாரு கோத்திக் என்று உருள்முனைக்கு ஒரு தனி வகுப்பே இருக்கிறது, அறிவிப்புப் பலகைகளில்கூட அது சகஜம். 1922இல் வந்த கூப்பர் பிளாக்கை எல்லோருக்கும் தெரியும்.

உருண்டை ஏன் இதமாக இருக்கிறது என்பதற்கு உளவியலில் ஆய்வுகள் உண்டு. 2001இல் ராமச்சந்திரனும் ஹப்பர்டும் எழுதிய பூபா, கிகி பற்றிப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். உருண்டையான வடிவத்துக்குப் பூபா என்றும், கூரான வடிவத்துக்குக் கிகி என்றும் மிகப் பெரும்பாலோர் பெயர் வைக்கிறார்கள். 2006இல் பார், நெட்டா இருவரும் செய்த ஆய்வில், கூர்மூலை உள்ள பொருளைவிட வளைந்த பொருளையே மக்கள் அதிகம் விரும்பினார்கள். எழுத்து பேசுவதற்கு முன்பே அதன் முனை பேசிவிடுகிறது என்று நான் நம்புகிறேன்.

அதனால்தான் தவறான இடத்தில் வைத்தால் வலிக்கிறது. எனக்கே நடந்தது. என் தந்தை இறந்த பிறகு ஒரு நிறுவனத்திலிருந்து, கேட்ட தொகை கிடைக்காது என்று கடிதம் வந்தது. மேலே அவர்களுடைய தடித்த உருண்டைத் தலைப்பு, "உங்களுடன் நாங்கள்" என்று. அந்த எழுத்தை வரைந்தவர்மேல் தவறில்லை. எல்லாக் கடிதத்துக்கும் ஒரே தலைப்பு என்று யாரோ முடிவெடுத்திருக்கிறார்கள். அன்றிலிருந்து எந்த வாடிக்கையாளருக்கும் தலைப்பு எழுத்துரு கொடுக்கும்போது, எங்கெல்லாம் வைக்கக்கூடாது என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுக்கிறேன். இரங்கல், மறுப்பு, எச்சரிக்கை, சட்டம்.

#10 கடலாமை

கூப்பர் பிளாக் செரிஃப் இல்லையா? அதை இந்தப் பட்டியலில் சேர்க்கலாமா?

#11 அச்சுமை

சேர்க்கக்கூடாது, நீங்கள் சொல்வது சரி. ஆஸ்வால்ட் கூப்பர் வரைந்தது தடித்த செரிஃப் எழுத்து. செரிஃபின் முனைகள் மழுங்கி உருண்டிருப்பதால் தூரத்தில் ஒரே குடும்பம் போலத் தெரிகிறது. ஆனால் அதில் தடிமன் ஏறி இறங்கும். நாம் பேசும் வகையில் கோடு ஏறக்குறைய ஒரே தடிமனாகப் போகும். இதமான தோற்றம் வேண்டும் என்று தேடுபவருக்கு இரண்டும் காட்டப்படும். வரைபவருக்கு இரண்டும் வேறு வேறு கணக்கு.

பொன்வண்டு, அந்தக் கடிதத்தைப் பற்றி எழுதியதற்கு நன்றி.

#12 சுழி

எல்லோரும் லத்தீனைப் பேசிவிட்டீர்கள். நிழல்கோடு கேட்டதில் பாதி தமிழ். நான் அதற்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

முதலில் கையில் இருப்பவற்றைத் திறந்து பாருங்கள். எக் டைப் வெளியிட்ட பாலூ தம்பி, மார்செலோ மகல்யாயிஸ் வரைந்த காய்னி, இரண்டுமே தடித்த உருண்டைத் தலைப்பு எழுத்து, இரண்டும் கட்டற்ற உரிமத்தில் கிடைக்கின்றன. பாலூ பின்னர் பாலூ 2 ஆகி 400 முதல் 800 வரை ஐந்து எடைகளில் வந்தது. ண எப்படித் தீர்க்கப்பட்டிருக்கிறது என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நகலெடுக்கச் சொல்லவில்லை. வெள்ளையை எங்கே காப்பாற்றியிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

ண மூன்று சுழி. அதாவது ஒரே எழுத்துக்குள் நிமிர்ந்து நிற்கும் கோடுகள் மூன்று, நான்கு. எல்லாவற்றுக்கும் 160 கொடுத்தால் கோட்டுக்கே 640 அலகு போய்விடும், இடைவெளிக்கு எங்கே போவது? ண, ஞ, ஐ, ஷ போன்ற எழுத்துகளில் தடிமனை 140க்கு இறக்குங்கள், தேவைப்பட்டால் 135. பக்கத்தில் ட, ப நிற்கும்போதுகூட வித்தியாசம் தெரியாது, ஏனென்றால் ண ஏற்கெனவே கறுப்பாகத்தான் தெரியும். தொடக்கச் சுழியின் கோட்டை இன்னும் மெலிதாக்குங்கள். சுழிக்குள் இருக்கும் வெள்ளை 60 அலகுக்குக் குறைந்தால் அது கண் போல இல்லாமல் ஊசி குத்திய துளை போல ஆகிவிடும். அதை அடைத்துவிட்டு வெறும் குண்டாக வைப்பவர்களும் உண்டு, எனக்கு அது பிடிக்காது. சுழி என்றால் சுழல வேண்டும்.

ப, ட இரண்டும் தமிழில் மூலை உள்ள எழுத்து. அந்த மூலைதான் அவற்றின் அடையாளம். கோட்டு முனையை உருட்டுவது வேறு, கோடு திரும்பும் மூலையை உருட்டுவது வேறு. உங்கள் ஃபில்டர் இரண்டையும் ஒன்றாக எண்ணி உருட்டிவிட்டது. பவின் மேல்முனைகள் முழு உருண்டையாக இருக்கட்டும். கீழ்மூலைகளுக்கு 30, 40 அலகு மட்டும் கொடுங்கள், யு என்று யாரும் படிக்க மாட்டார்கள். தாமாகவே வளைந்து போகும் எழுத்துகளில் இந்தத் தொல்லை வராது.

ர என்ற எழுத்தையும் துணைக்காலையும் பாருங்கள். ரவின் அடியில் சாய்ந்து இறங்கும் சின்ன வால்தான் வேறுபாடு. தடித்த உருண்டை முனையில் அந்த வால் குறுகிக் குமிழாகிவிட்டால் "பார" என்பதும் "பரா" என்பதும் ஒரே மாதிரி ஆகும். வாலை நீட்டுங்கள், கீழே இன்னும் ஆழமாகப் போகட்டும், வரி இடைவெளி கூடினாலும் பரவாயில்லை.

புள்ளி. கோட்டின் தடிமன் 160 என்றால் 160 விட்டத்துக்குப் புள்ளி வைக்காதீர்கள், சிறுத்துத் தெரியும். தனியாக மிதக்கும் வட்டம் எப்போதும் சுருங்கித் தெரியும். 175, 180 வையுங்கள். ஆனால் எழுத்தின் தலைக்கும் புள்ளிக்கும் நடுவே 50 அலகாவது வெள்ளை இருக்கட்டும், இல்லாவிட்டால் சிறிய அளவில் ஒட்டிக்கொள்ளும். ஆய்த எழுத்தை எல்லோரும் கடைசி நாளில் வரைவார்கள். மூன்று வட்டமும் ஒன்றையொன்று நெருக்கும், ஒரு நாள் முழுக்க அதற்கு ஒதுக்குங்கள். லத்தீன் பெயர்களில் வரும் எஃப் ஒலிக்கு அது தலைப்புகளில் அடிக்கடி வரும் எழுத்து, இந்த இழையிலேயே எத்தனை முறை வந்துவிட்டது பாருங்கள்.

#13 கடலாமை

புள்ளியை உள்ளே வெள்ளை விட்டு வளையமாக வைத்தால் என்ன?

#14 சுழி

மெல்லிய எழுத்தில் அழகாக இருக்கும். 180 விட்டத்தில் வளையம் வரைந்தால் உள்ளே மிஞ்சும் வெள்ளை சிறிய அளவில் நிற்காது. நிரப்பிய புள்ளியே நல்லது.

#15 நிழல்கோடு

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். திரும்ப வரைந்தேன். ஃபில்டரைத் தொடவில்லை.

கால்களுக்கு 12 மீறல் கொடுத்து அச்செடுத்தேன். சிறிய எல் இப்போது ஓவைவிட உயரமாகத் தெரிந்தது. 10க்கு இறக்கினேன், சரியாக வந்தது. வளைவு தொடங்கும் புள்ளி 108இல் நிற்கிறது. எலும்பு போய்விட்டது, அதை முதலில் பார்த்த அந்த நிமிடம் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். உள்மூலைக்கு 9 அலகு. ணவின் தடிமன் 138, சுழிக்குள் 64 வெள்ளை. பவின் கீழ்மூலை 36. சிறிய எல்லுக்கு அடியில் ஒரு வால் வைத்தேன், ஏனென்றால் பெரிய ஐ (I), சிறிய எல் (l), எண் 1 மூன்றும் ஒரே உருளையாக நின்றன.

ஆய்த எழுத்துக்கு ஒரு நாள் போதவில்லை, இரண்டு நாள் ஆயிற்று.

இன்னும் ஒரு கவலை. தனி எழுத்தாகப் பார்த்தால் எல்லாம் நன்றாக இருக்கின்றன. சொல்லாகச் சேர்த்தால் ஓட்டை ஓட்டையாகத் தெரிகிறது. குறிப்பாக "பட்டம்", "கொடை" போன்ற சொற்கள். சதுர முனையில் வைத்த பக்க இடைவெளியை அப்படியே விட்டிருக்கிறேன்.

#16 அச்சுமை

அதுதான் காரணம். முனை உருண்டபோது ஒவ்வொரு கோட்டின் நான்கு மூலையிலும் கொஞ்சம் கறுப்பு போய் வெள்ளை வந்தது. அந்த வெள்ளை எழுத்துக்கு வெளியேதான் சேர்ந்திருக்கிறது. நிமிர்கோட்டின் பக்க இடைவெளியை 60 வைத்திருந்தால் 48, 50க்கு இறக்குங்கள். வளைந்த பக்கங்களுக்கு அவ்வளவு வேண்டாம், அவை முன்பும் உருண்டைதான். முதலில் இரண்டு நிமிர்கோடு, அப்புறம் இரண்டு வளைவு, அப்புறம் கலந்து, இந்த வரிசையில் போங்கள். தலைப்பு எழுத்து என்பதால் நெருக்கமாக வைக்க ஆசை வரும். ஓர் எல்லைக்கு மேல் போனால் உருளைகள் வரிசையாக நிற்கும் வேலி போல ஆகி, எழுத்து மறைந்து கம்பிகள் மட்டும் தெரியும்.

"பட்டம்" பற்றிச் சுழியைக் கேளுங்கள்.

#17 சுழி

டவின் வலப்பக்க மேல்பாதி திறந்து கிடக்கிறது, லத்தீனில் பெரிய எல்லுக்கு இருக்கும் அதே ஓட்டை. படுக்கைக் கோட்டை 30 அலகு குறுக்குங்கள், பிறகு டவுக்குப் பின் வரும் ட, ப, ம, வ எல்லாவற்றுக்கும் கெர்னிங் கொடுங்கள், அதாவது அந்த இரண்டு எழுத்துக்கு நடுவே உள்ள இடைவெளியை மட்டும் தனியாகத் திருத்துங்கள். புள்ளி வைத்த ட் தனி வடிவம், அதற்கும் மறக்காமல் கொடுங்கள். அங்கே புள்ளி கொஞ்சம் இடத்தை நிரப்புவதால் குறைவாகக் கொடுத்தால் போதும்.

"கொடை"யில் கொம்பு விலகி நிற்கிறது. கொம்பு தன் எழுத்தோடு சேர்ந்து ஒரே உரு. அதன் வலப்பக்க இடைவெளி மற்ற எழுத்துகளைவிடக் குறைவாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் படிப்பவர் அதை முந்தைய எழுத்தோடு சேர்த்துவிடுவார். 25 வைத்துத் தொடங்குங்கள்.

#18 வெட்டுக்கத்தி

முடிந்ததும் கோப்பை அனுப்புங்கள். "பட்டம்" என்று 40 மி.மீ. உயரத்தில் ஒன்று, 300 மி.மீ. உயரத்தில் ஒன்று வெட்டிப் படம் போடுகிறேன். ணவையும் சேர்த்துக்கொள்கிறேன், சின்ன பிட்டிலேயே.

#19 நிழல்கோடு

இன்று இரவு கெர்னிங் முடித்துவிட்டு அனுப்புகிறேன்.